ரேடியேஷன் கொடுத்த இடம் மூளை ஸ்கேனில் பெரிதாகத் தெரிகிறது: கட்டியா, எதிர்ப்புச் சக்தியின் வேலையா?

மெர்பேங்க் மகள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்காகக் கேட்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 67 வயது, நுரையீரல் புற்றுநோய், அடினோகார்சினோமா வகை. மூளையில் மூன்று இடங்களுக்குப் பரவியிருப்பது தெரிந்ததும், தலை முழுவதற்கும் ரேடியேஷன் வேண்டாம், அந்த மூன்று புள்ளிகளுக்கு மட்டும் குறிவைத்துக் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ரேடியோசர்ஜரி என்கிறார்களே, அதுதான். ஒரே அமர்வில் முடிந்தது, அம்மாவுக்குப் பெரிய சிரமம் எதுவும் இல்லை. கூடவே எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிற பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுகிறார்கள். நுரையீரல் கட்டி நன்றாகச் சுருங்கியிருக்கிறது.

பிரச்சினை தலையில்தான். இப்போது எடுத்த எம்.ஆர்.ஐ.யில் இரண்டு புள்ளிகள் சின்னதாகிவிட்டன. மூன்றாவது, ஆரம்பத்திலேயே பெரிதாக இருந்தது, முன்பைவிடப் பெரிதாகத் தெரிகிறது, சுற்றிலும் வீக்கம். ரேடியேஷன் கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. அம்மாவுக்குக் காலையில் தலைவலி வருகிறது, மற்றபடி நடக்கிறார், பேசுகிறார். டாக்டர் சொன்னது: கட்டி வளர்ந்திருக்கலாம், அல்லது ரேடியேஷனும் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து அங்கே வேலை செய்வதால் அப்படித் தெரியலாம், எட்டு வாரம் கழித்து மறுபடி படம் எடுப்போம். அதுவரை வீக்கத்துக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 4 மி.கி. காலையும் மதியமும்.

வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஜோபர்க்கில் இருக்கும் அண்ணன், மருந்து வேலை செய்யவில்லை, பெம்ப்ரோவை நிறுத்திவிட்டு வேறு டாக்டரிடம் போகலாம் என்று பிடிவாதமாக இருக்கிறார். பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் ஏதோ வந்திருக்கிறது: தலையில் கொடுக்கிற ரேடியேஷன் எதிர்ப்புச் சக்தியை எழுப்பிவிட்டு உடம்பில் மிச்சமிருக்கிற கட்டிகளையும் கரைத்துவிடுமாம். எனக்கு வேறொரு கவலை. ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்துதானே? எதிர்ப்புச் சக்தியைத் தூண்ட ஒரு மருந்தும் அதை அடக்க இன்னொரு மருந்தும் ஒரே நேரத்தில் கொடுத்தால் எப்படி? அம்மாவுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது, புரட்டாசி வருகிறது, விரதம் இருந்தே ஆகவேண்டும் என்கிறார்.

தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் அடுத்த முறை டாக்டரிடம் சரியாகக் கேட்க முடியும்.


லினாக் தம்பி, பீனிக்ஸ்

அக்கா, நான் டர்பனில் ரேடியேஷன் தெரபிஸ்ட். டாக்டர் இல்லை, மெஷின் பக்கத்தில் நிற்பவன், அதனால் என் பக்கத்து விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

ஸ்கேனில் பெரிதாகிவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது கையில் கடோலினியம் என்ற சாய மருந்தை ஏற்றுவார்கள். அது ரத்தக்குழாய் கசிகிற இடத்தில்தான் வெள்ளையாகத் தேங்கும். நல்ல மூளையில் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இறுக்கமான ஒரு தடுப்பு இருப்பதால் கசியாது. கட்டி வந்தால் அந்தத் தடுப்பு உடையும், ரேடியேஷன் பட்டாலும் உடையும், எதிர்ப்பு அணுக்கள் கூட்டமாக வந்து அழற்சி உண்டாக்கினாலும் உடையும். மூன்றுமே படத்தில் ஒரே வெள்ளை வளையமாகத்தான் தெரியும். அதனால் உங்கள் டாக்டர் உறுதியாகச் சொல்லாததை நழுவல் என்று நினைக்காதீர்கள், இப்போதைக்கு நேர்மையான பதில் அதுதான்.

நான்கு மாதம் என்பதும் முக்கியம். ரேடியோசர்ஜரி முடிந்த முதல் சில மாதங்களில் வளர்ந்ததுபோல் தெரிந்து பிறகு தானாகவே சுருங்குவது உண்டு, பொய் வளர்ச்சி என்பார்கள். அதைவிடப் பிந்தி, பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு மேல், ஒன்று ஒன்றரை வருடம் கழித்துக்கூட வருவது ரேடியேஷன் நெக்ரோசிஸ். அடிபட்ட திசு செத்துப்போய் அதைச் சுற்றி வீக்கமும் கசிவும் தொடர்வது அது. இரண்டுக்கும் நடுவே கோடு போட்டுப் பிரிக்க முடியாது.

பெரிய புள்ளி மட்டும் ஏன் தொல்லை தருகிறது என்றும் உங்களுக்குத் தோன்றியிருக்கும். ஒரே தடவையில் கொடுப்பதானால் 2 செ.மீ. வரை இருப்பதற்கு 24 கிரே (கிரே என்பது ரேடியேஷனை அளக்கும் அலகு), 2 முதல் 3 செ.மீ. வரை 18 கிரே, 3 முதல் 4 வரை 15 கிரே என்பவை அமெரிக்காவின் ஆர்.டி.ஓ.ஜி. 90-05 ஆய்வு வகுத்த உச்ச அளவுகள். பெரிய கட்டியைச் சுற்றி நல்ல மூளையும் அதிகமாக நனைவதால் அளவைக் குறைத்தே ஆகவேண்டும். ஆகவே பெரியதில் கட்டி மிஞ்சுகிற வாய்ப்பும் கூடுதல், நெக்ரோசிஸ் வாய்ப்பும் கூடுதல். இரண்டு பக்கமும் சந்தேகம் வருவது அங்கேதான்.

ரேடியேஷன் பிரிவில் அம்மாவின் சிகிச்சைத் திட்டத்தின் சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை கிரே, மூளையில் எத்தனை மில்லிலிட்டர் 12 கிரேக்கு மேல் வாங்கியது என்று அதில் இருக்கும். அந்த 12 கிரே கணக்கு ஏறினால் நெக்ரோசிஸ் அபாயமும் ஏறும். அப்புறம், புதுப் படத்தைப் போன படத்தோடு மட்டும் ஒப்பிடாமல், சிகிச்சை கொடுத்த அன்று திட்டம் போட்ட எம்.ஆர்.ஐ.யின் மேலேயே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளை சரியாக ரேடியேஷன் வாங்கிய இடத்துக்குள்ளேயே இருக்கிறதா, வெளியே எங்காவது புதிதாக முளைத்திருக்கிறதா என்பதில் நிறையத் தெரியும். முடிந்தவரை ஒரே மெஷினில், ஒரே முறையில் எடுங்கள். வேறு வேறு இடத்தில் எடுத்தால் மில்லிமீட்டர் கணக்கெல்லாம் குழம்பும்.

தலை முழுவதற்கும் கொடுக்காமல் விட்டது நல்ல முடிவு என்றுதான் எனக்குப் படுகிறது. 30 கிரேயைப் பத்து நாளாகப் பிரித்து முழு மூளைக்கும் கொடுத்தவர்களுக்கு ஞாபகம் மங்குவதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஜப்பானில் 1194 பேரை வைத்துச் செய்து 2014இல் வெளியான ஆய்வில், ஐந்து முதல் பத்துப் புள்ளிகள் இருந்தவர்கள்கூட ரேடியோசர்ஜரி மட்டும் வாங்கிக்கொண்டு, இரண்டு முதல் நான்கு இருந்தவர்கள் அளவுக்கு வாழ்ந்தார்கள். அம்மாவுக்கு மூன்றுதான்.


மேசைமலை டாக்டர், கேப் டவுன்

தங்கச்சி, தம்பி சொன்னது சரி. நான் புற்றுநோய் மருத்துவப் பிரிவில் இருக்கிறேன். உங்கள் அம்மாவின் படத்தைப் பார்க்காமல் அவருக்கு என்ன என்று சொல்ல மாட்டேன், ஆனால் எதிர்ப்புச் சக்தி பற்றிய கேள்விகளுக்கு விரிவாகவே எழுதுகிறேன், குடும்பத்தில் இப்படிக் குழப்பம் வருவதை நான் நிறையப் பார்க்கிறேன்.

மூளைக்கு எதிர்ப்புச் சக்தி எட்டாது என்றுதான் பல பத்தாண்டுகள் பாடம் நடந்தது. 1948இல் பீட்டர் மெடவார் முயல்களின் மூளையில் வேறு முயலின் தோலை வைத்துப் பார்த்தார். வேறு இடத்தில் வைத்தால் உடனே நிராகரிக்கப்படுகிற தோல் அங்கே தாக்குப்பிடித்தது. ஆனால் அதே முயலுக்கு உடம்பில் இன்னோர் இடத்திலும் அந்தத் தோலை வைத்து எதிர்ப்பைப் பழக்கிவிட்டால் மூளையில் இருந்ததும் அழிந்தது. அதாவது பழகிய அணுக்கள் மூளைக்குள் போகும். 2015இல் மூளையுறையில் நிணநீர்க் குழாய்கள் இருப்பதையும் எலிகளில் கண்டுபிடித்தார்கள், மூளையிலிருந்து செய்தி கழுத்து நிணநீர்ச் சுரப்பிக்குப் போக வழி இருக்கிறது. பெம்ப்ரோலிசுமாப் மூளைக்குள் போகாது, அதனால் வீண் என்று சிலர் சொல்வதற்கு இது ஒரு பதில். மருந்து வெளியில் இருக்கும் டி அணுக்கள் என்ற எதிர்ப்பு அணுக்களின் பிரேக்கை எடுத்துவிட்டாலே போதும், அவை உள்ளே நடந்துபோகும். நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் பரவியவர்களில், பி.டி.எல்.1 (டி அணுவின் பிரேக்கை அழுத்துகிற, கட்டி அணுவில் இருக்கும் புரதம்) ஒரு சதவீதமாவது இருந்த 37 பேருக்குப் பெம்ப்ரோ மட்டும் கொடுத்துப் பார்த்த யேல் ஆய்வில் 11 பேருக்கு மூளைக் கட்டி சுருங்கியது. ஏறக்குறைய 30 சதவீதம். பெரிய எண் இல்லை, ஆனால் பூஜ்யமும் இல்லை.

இப்போது ரேடியேஷன் என்ன செய்கிறது என்று பார்ப்போம். அடிபட்டுச் சாகிற கட்டி அணு அமைதியாகச் சாவதில்லை. கால்ரெட்டிகுலின் என்கிற புரதத்தைத் தன் மேற்பரப்பில் காட்டும், ஏ.டி.பி., எச்.எம்.ஜி.பி.1 என்ற பொருள்களை அபாயச் செய்தியாக வெளியே விடும். உடைந்த டி.என்.ஏ. துண்டுகள் அணுவின் உட்கருவுக்கு வெளியே சிதறும். சிகாஸ், ஸ்டிங் என்ற இரண்டு புரதங்கள் அதைக் கண்டு வைரஸ் புகுந்ததாக எண்ணி இன்டர்ஃபெரானைச் சுரக்க வைக்கும். இதையெல்லாம் பார்த்து வரும் டென்ட்ரிட்டிக் அணுக்கள் கட்டியின் அடையாளத்தைப் பொறுக்கி நிணநீர்ச் சுரப்பிக்குக் கொண்டுபோய் டி அணுக்களுக்குக் காட்டும். இது நடந்தால் நல்லது. ஆனால் அதே ரேடியேஷன் கட்டி அணுக்களில் பி.டி.எல்.1ஐயும் கூட்டிவிடும், டி அணுவை அடக்குகிற வேறு அணுக்களையும் அங்கே வரவழைக்கும். அங்கேதான் பெம்ப்ரோ போன்ற மருந்துக்கு வேலை.

பெரியம்மாவுக்கு வந்த வாட்ஸ்அப் முழுப் பொய் இல்லை, அதனால்தான் அது பரவுகிறது. ஓரிடத்தில் ரேடியேஷன் கொடுக்க, கொடுக்காத இடத்துக் கட்டியும் கரைவதை 1953இல் மோல் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் அப்ஸ்கோபல் விளைவு என்று பெயரிட்டு எழுதினார். அதற்குப் பிறகு அது அபூர்வமான கதையாகத்தான் இருந்தது. 2012இல் நியூயார்க்கில் இபிலிமுமாப் என்ற வேறோர் எதிர்ப்புச் சக்தி மருந்தை எடுத்துக்கொண்டிருந்த மெலனோமா (ஒருவகைத் தோல் புற்றுநோய்) நோயாளி ஒருவருக்கு முதுகெலும்பருகே ரேடியேஷன் கொடுக்க, மற்ற இடத்துக் கட்டிகளும் சுருங்கிய விவரம் வெளியானதும் எல்லோரும் மறுபடி ஆர்வம் காட்டினார்கள். அப்புறம் சோதனைகள் வந்தன. நெதர்லாந்தில் 76 நுரையீரல் நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பெம்ப்ரோ மட்டும், மற்றதற்குப் பெம்ப்ரோவுக்கு முன் ஒரு கட்டிக்கு மட்டும் 8 கிரே மூன்று தடவை கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி சுருங்கியவர்கள் பெம்ப்ரோ மட்டும் வாங்கிய குழுவில் 18 சதவீதம், ரேடியேஷனும் வாங்கிய குழுவில் 36, ஆனால் ஆய்வு முன்கூட்டியே வைத்த இலக்கை எட்டவில்லை. தலை கழுத்துப் புற்றுநோயில் செய்த இன்னொரு சோதனையில் வித்தியாசமே தெரியவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே தடவையில் 12 முதல் 18 கிரேக்கு மேல் போனால் டிரெக்ஸ்1 என்ற நொதி பெருகி, சிதறிய டி.என்.ஏ.யைத் துடைத்து அந்த அபாயச் சங்கையே அணைத்துவிடுகிறது என்று எலிகளிலும் ஆய்வுக்கூட அணுக்களிலும் 2017இல் காட்டினார்கள். மூளையில் நாம் கொடுப்பது பெரும்பாலும் அந்த அளவுதான். இதற்காக அளவைக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது, அங்கே முதல் வேலை அந்தப் புள்ளியை அழிப்பது. உங்கள் அம்மாவின் நுரையீரல் கட்டி சுருங்கியதற்குக் காரணம் பெம்ப்ரோ என்றே வைத்துக்கொள்ளுங்கள், தலைக்குக் கொடுத்ததன் மீது அந்த நம்பிக்கையை வைக்காதீர்கள்.

அண்ணனுக்கு என் பதில் இன்னும் நேரடியானது. ஒரு படத்தை மட்டும் வைத்து இந்த மருந்தை நிறுத்தக் கூடாது. எதிர்ப்புச் சக்தி மருந்து எடுப்பவர்களின் மூளைப் படத்தைப் படிக்க 2015இல் வகுத்த வழிகாட்டுதலே இருக்கிறது: மருந்து தொடங்கி ஆறு மாதத்துக்குள் படம் மோசமாகத் தெரிந்தாலும், ஆள் நன்றாக இருந்தால், மூன்று மாதம் பொறுத்து இன்னொரு படத்தில் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் நோய் முற்றியது என்று முடிவு செய்யவேண்டும். உடம்பில் மற்ற இடத்தில் பலன் தெரிகிற உங்கள் அம்மா போன்றவருக்கு இது இன்னும் பொருந்தும். அதேசமயம் இந்த மருந்துகளுக்கும் நெக்ரோசிஸுக்கும் தொடர்பு இருப்பதையும் மறைக்க மாட்டேன். பாஸ்டனில் 480 பேரைப் பின்னோக்கிப் பார்த்து 2018இல் எழுதினார்கள், தொல்லை தருகிற நெக்ரோசிஸ் எதிர்ப்புச் சக்தி மருந்து வாங்காதவர்களில் சுமார் 7 சதவீதம், வாங்கியவர்களில் 20 சதவீதம். மெலனோமாக்காரர்களிடம் அது இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. ஆக எதிர்ப்புச் சக்தி தீவிரமாக வேலை செய்வதே ஒரு பக்கம் உதவி, இன்னொரு பக்கம் வீக்கம்.

ஸ்டீராய்டு பற்றி நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. பெம்ப்ரோ போன்ற மருந்தைத் தொடங்கும்போது தினம் 10 மி.கி. பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டுக்குச் சமமான அளவோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டிருந்த நுரையீரல் நோயாளிகளுக்குப் பலன் குறைவாக இருந்தது என்று 640 பேரை வைத்து 2018இல் வந்த ஆய்வு சொல்கிறது. டெக்சாமெத்தசோன் 1.5 மி.கி.யே அந்தப் பத்துக்குச் சமம், உங்கள் அம்மா எடுப்பது ஒரு நாளைக்கு 8. ஆனால் ஸ்டீராய்டு தேவைப்பட்டவர்கள் ஏற்கெனவே நோய் முற்றியவர்கள், அதனாலும் பலன் குறைந்திருக்கலாம். உங்கள் அம்மா ஸ்டீராய்டு இல்லாமல் தொடங்கி, பலன் கிடைத்த பிறகு வாங்குகிறார், அது வேறு நிலைமை. மூளை வீங்கித் தலைவலி வரும்போது ஸ்டீராய்டைத் தவிர்ப்பது ஆபத்து. டாக்டரிடம் கேட்கவேண்டியது, தலைவலி அடங்கினதும் எவ்வளவு சீக்கிரம், எப்படிக் குறைக்கப்போகிறீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று. நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும், ரத்த அழுத்தம் விழுந்து மயங்கிவிடுவார்.


மெர்பேங்க் மகள்

டாக்டர் ஐயா, தம்பி, ரொம்ப நன்றி. உங்கள் பதில்களை அண்ணனுக்கு அனுப்பினேன், இன்னொரு படம் வரும்வரை பொறுக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

இரண்டு சந்தேகம். எட்டு வாரம் காத்திருக்காமல் கட்டியா இல்லையா என்று கண்டுபிடிக்க வேறு பரிசோதனை இருக்கிறதா? அப்புறம் சாம்பிராணி மாதிரி ஒரு பிசினிலிருந்து எடுத்த மாத்திரை மூளை வீக்கத்தைக் குறைக்கும் என்று கோயிலில் ஒரு அக்கா சொன்னார், ஸ்டீராய்டுக்குப் பதிலாக அதைக் கொடுக்கலாமா?


லெனேசியா அக்கா

தங்கச்சி, என் வீட்டுக்காரருக்குக் கிட்னி புற்றுநோய், தலையில் இதே கதை. அவருக்கு ரேடியோசர்ஜரி முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் கழித்து வந்தது, இடது கை பலம் குறைந்தது, எல்லோரும் கட்டி திரும்பிவிட்டது என்றே முடிவு செய்துவிட்டோம். பெர்ஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. என்று ஒன்று எடுத்தார்கள், அந்த இடத்துக்கு எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்று பார்ப்பது. உயிருள்ள கட்டி நிறைய ரத்தம் இழுக்கும், செத்த திசு இழுக்காது. அவருக்கு ரத்த ஓட்டம் குறைவு, நெக்ரோசிஸ் என்றார்கள். ஸ்டீராய்டைக் குறைக்கும்போதெல்லாம் கை மறுபடி தளர்ந்தது, முகம் வீங்கி, தொடை பலமிழந்து, நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போனார். கடைசியில் கசியும் ரத்தக்குழாய்களை இறுக்குகிற பெவாசிசுமாப் என்ற மருந்தைக் கொடுத்த பிறகுதான் ஸ்டீராய்டிலிருந்து வெளியே வந்தார். ஸ்டீராய்டு நீளும் என்று தெரிந்தால் அந்த மருந்தைப் பற்றி முன்கூட்டியே கேளுங்கள், இரண்டு மூன்று மாதம் இழுக்கவிடாதீர்கள்.

மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவக் காப்பீடு பக்கம் தயாராக இருங்கள். எங்கள் ஸ்கீம் முதலில் மறுத்தது. பரவிய புற்றுநோய் என்றாலே பி.எம்.பி.க்குள் (ஸ்கீம் கட்டாயம் செலவு ஏற்கவேண்டிய சிகிச்சைகளின் பட்டியல்) வராது என்று போனில் சொல்லிவிடுவார்கள், அதை அப்படியே நம்பாதீர்கள். விதியில் நான்கு வரி இருக்கிறது. தொடங்கிய உறுப்பில் மட்டும் இருக்கவேண்டும், தூரத்துக்குப் பரவியிருக்கக் கூடாது, உறுப்புக்கு மீளாத சேதம் வந்திருக்கக் கூடாது என்பவை முதல் மூன்று. நான்காவது, அவை பொருந்தாவிட்டாலும் அந்தச் சிகிச்சையில் ஐந்து வருடம் உயிரோடு இருப்பவர்கள் 10 சதவீதத்துக்கு மேல் என்று நன்கு நிறுவப்பட்டிருந்தால் அதுவும் சிகிச்சைக்குரிய புற்றுநோய்தான். அந்தச் சிகிச்சை ஏன் தேவை என்று டாக்டர் ஸ்கீமுக்கு மோட்டிவேஷன் லெட்டர் எழுதும்போது அந்த நான்காவது வரியைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், போனில் சொன்னதற்கு மதிப்பில்லை. அதற்கு மேலும் மறுத்தால் மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம், பணம் கட்டத் தேவையில்லை. பெண்டாட்டி பிள்ளைகள் தினமும் நோயாளியைப் பார்த்துக்கொண்டே இந்தக் கடிதங்களோடும் மல்லுக்கட்டவேண்டியிருப்பது கொடுமை, அதனால் அண்ணனிடம் இந்த வேலையை ஒப்படையுங்கள். கோபத்தில் இருப்பவருக்கு அது நல்ல வேலை.


மேசைமலை டாக்டர், கேப் டவுன்

லெனேசியா அக்கா சொன்ன பெர்ஃப்யூஷன் படம் நல்ல யோசனை. அமினோ அமிலம் வைத்து எடுக்கும் பெட் ஸ்கேன் இன்னும் உதவும், கிடைக்கிற இடம் குறைவு. சாதாரணச் சர்க்கரை பெட் மூளையில் அவ்வளவு உதவாது, மூளையே சர்க்கரையை நிறைய இழுப்பதால் எல்லாம் பிரகாசமாகத் தெரியும். எந்தப் படமும் நூறு சதவீதம் சரியாகச் சொல்லாது, கடைசியில் உறுதியாகச் சொல்வது அறுவை செய்து எடுத்த திசு மட்டும்தான். அந்த வெட்டுத் தேவையா என்று எட்டு வாரப் படத்தைப் பார்த்த பிறகு யோசிக்கலாம்.

பெவாசிசுமாபில் மட்டும் அக்காவோடு கொஞ்சம் வேறுபடுகிறேன். கசியும் குழாய்களை இறுக்குவதில் அது நன்றாக வேலை செய்யும், எதிர்ப்புச் சக்தியையும் ஸ்டீராய்டு அளவுக்கு அடக்காது, இதெல்லாம் உண்மை. ஆனால் அதை நெக்ரோசிஸுக்குக் கொடுத்து, வெற்று மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்து 2011இல் வந்த ஆய்வில் 14 பேர்தான். ரத்தக் கசிவு, ரத்தம் உறைதல், அழுத்தம் ஏறுவது, அறுவைப் புண் ஆறாமல் போவது எல்லாம் உண்டு. இருமும்போது ரத்தம் வருகிற நுரையீரல் நோயாளிக்குக் கொடுக்கவே கூடாது. தங்கச்சி, உங்கள் அம்மாவுக்குச் சளியில் ரத்தம் எப்போதாவது வந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பிசின் மாத்திரை பாஸ்வெல்லியாவாக இருக்கும். ஜெர்மனியில் ரேடியேஷன் வாங்கிய 44 பேரில் ஒரு குழுவுக்கு அதையும் இன்னொரு குழுவுக்கு வெற்று மாத்திரையையும் கொடுத்து 2011இல் எழுதினார்கள், அதை வாங்கியவர்களுக்கு வீக்கம் குறைந்தது. அவர்கள் கொடுத்தது தினம் 4200 மி.கி., கடையில் கிடைக்கும் ஒரு மாத்திரை அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது, வயிற்றுப்போக்கும் வரும். பெம்ப்ரோ எடுப்பவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அது மருந்தால் குடல் அழற்சியா, மாத்திரையால் வந்ததா என்று நாங்கள் திண்டாடுவோம். ஸ்டீராய்டுக்குப் பதிலாக நிச்சயம் வேண்டாம்.


மாரிட்ஸ்பர்க் நர்ஸ்

பதில்கள் எல்லாம் படித்தேன், விட்டுப்போன இரண்டு மூன்று விஷயம் சொல்லவேண்டும், நம் ஊரில் இவை முக்கியம்.

முதலில் டி.பி. தென்னாப்பிரிக்காவில் எத்தனை பேர் நெஞ்சுக்குள் பழைய டி.பி. தூங்கிக்கொண்டிருக்கிறது. நீளமான ஸ்டீராய்டு அதை எழுப்பும், பெம்ப்ரோ வகை மருந்து எடுக்கும்போதும் டி.பி. கிளம்பியதாக உலகம் முழுவதிலிருந்தும் எழுதியிருக்கிறார்கள். அம்மாவுக்கோ வீட்டில் வேறு யாருக்கோ முன்னால் டி.பி. வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இருமல், இரவில் வியர்வை, காய்ச்சல் என்றால் புற்றுநோய் என்றே நினைத்து விட்டுவிடாமல் சளிப் பரிசோதனை கேளுங்கள். மூளையிலும் டி.பி. கட்டி போலவே தெரியும், வேறு இடத்தில் புதிதாக ஒரு புள்ளி முளைத்தால் அதையும் யோசிக்கவேண்டும். ஸ்டீராய்டு பல வாரம் நீளுமானால் நுரையீரல் தொற்றைத் தடுக்கக் கோட்ரைமாக்சசோல் வேண்டுமா என்றும் கேளுங்கள்.

சர்க்கரை. டெக்சா எடுப்பவர்களுக்குக் காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், மதியத்துக்கு மேல்தான் ஏறும். அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் குத்திப் பாருங்கள். எண்ணை எழுதி வைத்துக் காட்டினால் மாத்திரையோ இன்சுலினோ கூட்டுவார்கள், டெக்சாவைக் குறைக்கும்போது அதையும் சேர்த்துக் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை தாழ்ந்துபோகும். இரண்டாவது வேளையை மதியம் இரண்டு மணிக்குள் கொடுத்துவிடுங்கள், பிந்தினால் இரவெல்லாம் தூக்கம் வராது.

புரட்டாசிக்கு அம்மா மாமிசம் விடுவதில் எந்தத் தடையும் இல்லை. பருப்பு, தயிர், பன்னீர், வேர்க்கடலை என்று புரதம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஸ்டீராய்டு தசையைக் கரைக்கும், லெனேசியா அக்கா சொன்ன அந்தத் தொடைப் பலவீனம் அதுதான். ஆனால் வெறும் வயிற்றில் விரதம் வேண்டாம். டெக்சாவை வெறும் வயிற்றில் விழுங்கினால் வயிறு புண்ணாகும், சர்க்கரை மாத்திரை சாப்பிட்டுவிட்டுச் சாப்பாட்டை விட்டால் மயங்கி விழுவார். அம்மா கேட்காவிட்டால் கோயில் ஐயரையே விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், எங்கள் பக்கத்துக் கோயிலில் நோயாளிக்கு விரதம் கட்டாயமில்லை என்று அவர்களே சொல்வார்கள், பெரியவர்கள் அங்கே சொன்னால்தான் கேட்பார்கள்.

எட்டு வாரம் காத்திருங்கள் என்றால் எது வந்தாலும் காத்திருங்கள் என்று அர்த்தமில்லை. வலிப்பு வந்தால், வாந்தி நிற்காவிட்டால், கை காலில் ஒரு பக்கம் தளர்ந்தால், பேச்சு குழறினால், எழுப்பினாலும் எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தால் அன்றைக்கே எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போங்கள். கூடவே மருந்துச் சீட்டும், பெம்ப்ரோலிசுமாப் எடுக்கிறார் என்று எழுதிய தாளும் கையில் இருக்கட்டும். இரவு டியூட்டியில் இருக்கிற டாக்டருக்கு அந்த மருந்து பழக்கமில்லாமல் இருக்கலாம், வெறும் கீமோ என்று நினைத்துவிடுவார். தாளில் உங்கள் ஆன்காலஜி பிரிவின் நம்பரையும் எழுதி வையுங்கள்.


மெர்பேங்க் மகள்

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்குச் சின்ன வயதில் டி.பி. வந்து மருந்து சாப்பிட்டதாகப் பெரியம்மா இப்போதுதான் சொல்கிறார், எந்த ஃபைலிலும் அது இல்லை. திங்கட்கிழமை காலை முதல் வேலையாக ஆன்காலஜி நர்ஸுக்குப் போன் செய்து சொல்கிறேன், ரேடியேஷன் சுருக்கத்தையும் பெர்ஃப்யூஷன் படத்தையும் கேட்கிறேன். மெடிக்கல் எய்ட் கடிதம் அண்ணன் பொறுப்பு. அடுத்த படம் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.